கால்பந்தும் கவரும்: ஃபிஃபாவில் லஞ்சம் எப்படி வேலை செய்கிறது?

2011 மே மாதம். கரீபியன் கடலில் இருக்கும் டிரினிடாட் தீவு, போர்ட் ஆஃப் ஸ்பெயின் நகரில் ஒரு பெரிய ஹோட்டல். சுற்றிலும் உள்ள சின்னச் சின்னத் தீவு நாடுகளின் கால்பந்துச் சங்க நிர்வாகிகள் அங்கே கூடியிருந்தார்கள். கூட்டம் முடிந்ததும் அவர்களை ஒவ்வொருவராக ஓர் அறைக்கு வரச் சொன்னார்கள். போனவர்கள் கையில் ஒரு கவர் கொடுக்கப்பட்டது. பிரித்தால் உள்ளே 40,000 டாலர், அத்தனையும் ரொக்கம்.

பஹாமாஸ் சங்கத்தின் துணைத் தலைவர் கவரை வாங்கிப் பார்த்ததும் தன் தலைவருக்குப் போன் போட்டார். வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடு என்று பதில் வந்தது. கொடுப்பதற்கு முன்பு பணத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு நடந்த விசாரணைக்கு அந்தப் படம் பெரிய சாட்சியாயிற்று.

அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்த முக்கிய விருந்தாளி கத்தாரைச் சேர்ந்த முகமது பின் ஹம்மாம். ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவர். உலகக் கால்பந்தை நிர்வகிக்கும் ஃபிஃபாவின் தலைவர் பதவிக்கு அப்போதைய தலைவர் செப் பிளாட்டரை எதிர்த்துப் போட்டியிட்டவர். கூட்டத்தைக் கூட்டியவர் ஜாக் வார்னர், வட, மத்திய அமெரிக்க, கரீபியன் கூட்டமைப்பின் தலைவர். மறுநாள் வார்னர் அதே நிர்வாகிகளிடம் பேசியது வீடியோவாகப் பின்னர் வெளியே வந்தது. ரொம்பப் பக்திமான்களாக இருப்பவர்கள் போய்த் தேவாலயம் திறக்கட்டும், நம் வியாபாரம் நம்மோடு இருக்கட்டும் என்ற பொருளில் அதில் அவர் பேசினார்.

பின் ஹம்மாம் குற்றச்சாட்டை மறுத்தார். ஃபிஃபா விதித்த வாழ்நாள் தடையைப் போதிய ஆதாரம் இல்லை என்று விளையாட்டுக்கான நடுவர் மன்றம் 2012 ஜூலையில் ரத்து செய்தது. அதே ஆண்டு டிசம்பரில் வேறு புகார்களின் பேரில் மறுபடியும் வாழ்நாள் தடை வந்தது. வார்னர் 2011 ஜூனிலேயே பதவியை விட்டு விலகிவிட்டார்.

உலகக் கால்பந்தின் உச்சப் பதவிக்கு நடக்கும் தேர்தலில், உலகக் கோப்பைப் பக்கமே பெரும்பாலும் எட்டிப் பார்க்காத தீவுகளுக்கு ஏன் கவர் போகிறது? கால்பந்து ஊழலைப் புரிந்துகொள்ள இந்த ஒரு கேள்வியில் ஆரம்பித்தால் போதும்.

ஒரு நாடு, ஒரு ஓட்டு

ஃபிஃபா 1904-இல் பாரிஸில் தொடங்கப்பட்டது. இப்போது தலைமையகம் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில். சட்டப்படி அது அரசு அமைப்பும் இல்லை, கம்பெனியும் இல்லை. சுவிஸ் சட்டத்தின் கீழ் வரும் ஒரு சங்கம், அவ்வளவுதான். ஊரில் நாலு பேர் சேர்ந்து பாட்டுச் சங்கம் தொடங்கினால் அதற்கு என்ன சட்டமோ, அடிப்படையில் அதேதான் இதற்கும். ஆனால் 2022 கத்தார் உலகக் கோப்பையோடு முடிந்த நான்கு ஆண்டுகளில் இந்தச் சங்கத்தின் வருமானம் சுமார் 750 கோடி டாலர்.

இதன் உறுப்பினர்கள் 211 தேசியச் சங்கங்கள். ஐ.நா. சபையிலேயே 193 நாடுகள்தான். தலைவர் தேர்தலில் ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரே ஓட்டு. ஐந்து முறை உலகக் கோப்பை வென்ற பிரேசிலுக்கும் ஒரு ஓட்டு, சுமார் ஐயாயிரம் பேர் மட்டுமே வசிக்கும் மான்ட்செராட் தீவுக்கும் ஒரு ஓட்டு. கரீபியன் தீவுகளை மொத்தமாகத் தன் பின்னால் நிறுத்தக்கூடிய ஒருவர், ஐரோப்பாவின் பெரிய கால்பந்து நாடுகள் சிலவற்றைச் சேர்த்தாலும் கிடைக்காத பலத்தோடு இருப்பார். வார்னர் அப்படித்தான் பல ஆண்டுகள் அசைக்க முடியாத ஆளாக இருந்தார்.

இதைப் படித்ததும், சின்ன நாடுகளுக்குச் சம ஓட்டு கொடுத்ததுதான் தப்பு என்று தோன்றலாம். நான் அப்படி நினைக்கவில்லை. இந்தச் சம ஓட்டு ஒரு பெரிய அநியாயத்தை உடைத்தது.

1966 உலகக் கோப்பையில் 16 அணிகள் விளையாடின. ஆப்பிரிக்கா, ஆசியா, ஓசியானியா மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஓர் இடம்தான் ஒதுக்கியிருந்தார்கள். ஆப்பிரிக்க நாடுகள் மொத்தமாகப் போட்டியைப் புறக்கணித்தன. அப்போது ஃபிஃபா தலைவராக இருந்தவர் இங்கிலாந்தின் ஸ்டான்லி ரூஸ். நிறவெறி ஆட்சியில் இருந்த தென்னாப்பிரிக்கா மீதான தடையை 1963-இல் நீக்க வைத்தவரும் அவரே. அடுத்த ஆண்டே மற்ற நாடுகளின் எதிர்ப்பால் தடை திரும்ப வந்தது. புதிதாக விடுதலை பெற்ற நாடுகளுக்கு அவர்மீது இருந்த கோபம் நியாயமானது. 1974-இல் பிரேசிலின் ஜோவோ ஹாவலாஞ்ச் இந்தக் கோபத்தை ஓட்டாக மாற்றினார். ஆப்பிரிக்கா எங்கும் சுற்றி வந்தார். உங்களுக்கு அதிக இடம், உங்கள் இளைஞர்களுக்குப் பயிற்சி, உங்கள் மைதானங்களுக்குப் பணம் என்று சொன்னார். ஜெயித்தார். 1982-இல் உலகக் கோப்பை 24 அணிகளுக்கும், 1998-இல் 32 அணிகளுக்கும் விரிந்தது. கேமரூனும் நைஜீரியாவும் செனகலும் உலகின் கண்ணுக்குத் தெரிந்ததில் அந்த ஓட்டுக்கும் பங்கு உண்டு.

ஆனால் கொடுத்த வாக்குறுதியை நிறைவேற்றப் பணம் வேண்டுமே. அங்கேதான் கதை திரும்புகிறது. அடிடாஸ் நிறுவனத்தின் ஹோர்ஸ்ட் டாஸ்லர், கோகோ கோலா போன்ற பெரிய ஸ்பான்சர்கள் உள்ளே வந்தார்கள். அதுவரை டிக்கெட் வருமானத்தைப் பெரிதாக நம்பியிருந்த உலகக் கோப்பை, டிவி ஒளிபரப்பு உரிமையையும் விளம்பர உரிமையையும் விற்கும் பெரும் சந்தையானது. விற்பவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர். ஓட்டுப் போடும் சங்கங்களோ சூரிச்சிலிருந்து வரும் வளர்ச்சி நிதியை நம்பி இருப்பவை. யார் பணம் தருகிறாரோ அவரையே தேர்ந்தெடுக்க வேண்டியவர்களாக வாக்காளர்கள் ஆனார்கள். மைதானம், அலுவலகம், புல்தரை என்று வரும் நிதியில் பெரும்பகுதி நல்ல காரியத்துக்குத்தான் போயிருக்கும். ஆனாலும் அதைத் தரும் கையை எதிர்த்து ஓட்டுப் போட ஓர் ஏழைச் சங்கத்துக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

உரிமையை விற்பதில் எங்கே ஓட்டை?

ஒரு போட்டியின் டிவி உரிமை சந்தையில் 100 ரூபாய் பெறும் என்று வைத்துக்கொள்வோம். அதை விற்கும் அதிகாரம் சங்கத் தலைவர் கையில். ஓர் இடைத்தரகர் நிறுவனம் வந்து, 60 ரூபாய்க்கு எங்களுக்கே கொடுங்கள், உங்களுக்குத் தனியாக 10 ரூபாய் தருகிறோம் என்கிறது. தலைவருக்கு 10 லாபம். நிறுவனம் அதை 100-க்கு விற்றால் அதற்கு 30 லாபம். சங்கத்துக்கு 40 நஷ்டம். வெளியே இருந்து பார்ப்பவருக்கு 60 ரூபாய் வந்தது மட்டும்தான் தெரியும். வராமல் போன 40 எந்தக் கணக்கிலும் இருக்காது. அந்த 40-தான் கிராமத்துப் பள்ளி மைதானம், பெண்கள் அணிக்குப் பயிற்சியாளர், காயம்பட்ட வீரனுக்கு மருத்துவச் செலவு. எனக்கு இந்த விஷயத்தில் ஆற முடியாத இடம் இதுதான். லஞ்சம் என்றதும் பணக்காரக் கம்பெனியிடமிருந்து பணக்கார அதிகாரிக்குப் போகும் பணம் என்று நினைக்கிறோம். உண்மையில் அது விளையாடுகிற பிள்ளைகளிடமிருந்து போகிறது.

நடந்த உதாரணம் ஒன்று. தென் அமெரிக்காவின் கோபா அமெரிக்கா போட்டிகளின் உரிமையை வாங்க மூன்று நிறுவனங்கள் சேர்ந்து டாடிசா என்ற பெயரில் ஒரு கூட்டு நிறுவனம் அமைத்தன. ஒப்பந்தம் 31.75 கோடி டாலர். இதற்காகக் கால்பந்து நிர்வாகிகளுக்குத் தர ஒப்புக்கொண்ட லஞ்சம் மட்டும் 11 கோடி டாலர் என்று அமெரிக்கக் குற்றப்பத்திரிகை சொன்னது. ஒப்பந்தத் தொகையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு!

இதற்கு முன்னோடி ஐ.எஸ்.எல். என்ற நிறுவனம் (இந்தியாவில் நடக்கும் லீக் போட்டியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்). டாஸ்லர் 1980-களில் தொடங்கிய இது, ஃபிஃபாவின் உரிமைகளை வாங்கி விற்றது, 2001-இல் திவாலானது. அதன் கணக்குகளைத் தோண்டியபோது பல ஆண்டு லஞ்சம் வெளியே வந்தது. ஹாவலாஞ்சுக்கு 1997-இல் போக வேண்டிய 15 லட்சம் சுவிஸ் பிராங்க் தவறுதலாக ஃபிஃபாவின் கணக்குக்கே வந்து சேர்ந்திருந்தது. அவருடைய முன்னாள் மருமகனும் பிரேசில் கால்பந்துத் தலைவருமான ரிகார்டோ டெஷேராவுக்கு 1992 முதல் 1997 வரை குறைந்தது 1 கோடியே 27 லட்சம் பிராங்க் போயிருந்தது. இவ்வளவும் 2012-இல் நீதிமன்ற ஆவணமாக வெளியானது. தண்டனை? சிறை எதுவும் இல்லை. பணம் கைமாறிய காலத்தில், அரசு ஊழியர் அல்லாத ஒருவர் வியாபாரத்தில் லஞ்சம் வாங்குவது சுவிட்சர்லாந்தில் குற்றமாகவே இருக்கவில்லை. ஃபிஃபா ஒரு தனியார் சங்கம் என்பதன் பொருள் இப்போது புரியும்.

அரசுகள் எங்கே வருகின்றன?

பணம் மட்டும் என்றால் இது ஒரு சாதாரணக் கமிஷன் கதையாக முடிந்திருக்கும். உலகக் கோப்பையை எந்த நாட்டில் நடத்துவது என்ற முடிவும் இதே ஆட்கள் கையில் இருந்ததால் நாட்டுத் தலைவர்களே சூரிச்சுக்கு வரத் தொடங்கினார்கள்.

ஓர் அரசு ஏன் உலகக் கோப்பைக்கு ஆசைப்படுகிறது? 1978-ஐப் பார்த்தால் ஒரு காரணம் தெரியும். அர்ஜென்டினாவில் அப்போது ராணுவ ஆட்சி. ஆயிரக்கணக்கானவர்களைக் கடத்திச் சித்திரவதை செய்து கொன்ற ஆட்சி. இறுதிப் போட்டி நடந்த மொனுமென்டல் மைதானத்துக்கு வெகு அருகில் இருந்தது கடற்படையின் தொழில்நுட்பப் பள்ளி, நாட்டின் மிகக் கொடிய சித்திரவதைக் கூடங்களில் ஒன்று. அர்ஜென்டினா நெதர்லாந்தை 3-1 என்று வென்ற நாளில் மைதானத்தின் ஆரவாரம் உள்ளே அடைபட்டிருந்தவர்களுக்குக் கேட்டது என்று உயிர் தப்பியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ராணுவத் தளபதி விடேலா கோப்பையைக் கொடுத்து உலகத்தின் முன் சிரித்தார். கெட்ட பெயரை விளையாட்டால் கழுவுவது என்று இன்று பேசப்படுவதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை.

கத்தாரின் கணக்கு வேறு. எரிவாயு வளம் மிக்க, ஆனால் சவூதி அரேபியாவுக்கும் ஈரானுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட குட்டி நாடு. உலகமே பெயர் தெரிந்து வைத்திருக்கும் நாட்டின்மீது கை வைக்க அண்டை நாடு யோசிக்கும். 2017 ஜூனில் சவூதியும் ஐக்கிய அரபு அமீரகமும் பஹ்ரைனும் எகிப்தும் கத்தாரோடு உறவை முறித்துப் போக்குவரத்தை அடைத்தபோது, அந்த அச்சம் வெறும் கற்பனை இல்லை என்று தெரிந்தது.

2010 டிசம்பர் 2 அன்று சூரிச்சில் ஒரே நாளில் இரண்டு உலகக் கோப்பைகளுக்கு இடம் முடிவானது. 2018 ரஷ்யாவுக்கு, 2022 கத்தாருக்கு. ஓட்டுப் போட வேண்டியவர்கள் செயற்குழுவின் 24 பேர். பத்திரிகையாளர்கள் மாறுவேடத்தில் போய் விரித்த வலையில் சிக்கி இரண்டு பேர் முன்பே இடைநீக்கம் ஆனதால், போட்டது 22 பேர். கடைசிச் சுற்றில் கத்தார் 14, அமெரிக்கா 8. நூறு கோடிக்கணக்கானவர்கள் பார்க்கும் ஒரு விழாவின் தலையெழுத்து 22 பேர் கையில் இருந்தது. இருபத்திரண்டு பேரை வளைப்பது ஒரு நாட்டுக்கு எவ்வளவு எளிது!

ஓட்டெடுப்புக்கு ஒன்பது நாள் முன்பு, நவம்பர் 23 அன்று, பாரிஸில் பிரான்ஸ் அதிபர் மாளிகையில் ஒரு மதிய விருந்து. அதிபர் நிக்கோலா சர்கோசி, கத்தாரின் அப்போதைய பட்டத்து இளவரசர் தமீம், கத்தார் பிரதமர், கூடவே ஐரோப்பியக் கால்பந்துத் தலைவரும் பிரான்ஸின் பழைய நட்சத்திரமுமான மிஷேல் பிளாட்டினி. பிளாட்டினி தன் ஓட்டைக் கத்தாருக்குப் போட்டார். சர்கோசி தன்னிடம் அப்படிப் போடச் சொல்லவில்லை, ஆனால் அவர் விருப்பம் என்ன என்பது புரிந்தது என்று பின்னால் பிளாட்டினியே சொன்னார். 2011-இல் கத்தார் அரசு நிதியத்தின் நிறுவனம் பாரிஸ் செயின்ட் ஜெர்மைன் கிளப்பை வாங்கியது. இந்த விருந்து குறித்துப் பிரெஞ்சு அரசு வழக்கறிஞர்கள் விசாரித்தார்கள். 2019-இல் பிளாட்டினியைக் காவலில் வைத்துக் கேள்வி கேட்டு, குற்றம் சாட்டாமல் அனுப்பினார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனமாகப் பிரிக்க வேண்டும். கவரில் வைத்த டாலர் லஞ்சம் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஓர் அதிபர் தரும் விருந்து, விமானம் வாங்கும் ஒப்பந்தம், கிளப்பில் போடும் முதலீடு, எரிவாயு உடன்பாடு இவையெல்லாம் நாடுகளுக்கிடையே தினமும் நடப்பவை. ஓர் ஓட்டுக்கு ஈடாக இவற்றில் ஏதாவது நகர்ந்ததா என்று நிரூபிப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம். கத்தார் உலகக் கோப்பையை விலைக்கு வாங்கியது என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்பளிக்கவில்லை. சில செயற்குழு உறுப்பினர்கள் ரஷ்யாவுக்கும் கத்தாருக்கும் ஓட்டுப் போடப் பணம் வாங்கினார்கள் என்று அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள் 2020-இல் குற்றப்பத்திரிகையில் சேர்த்தார்கள். இரு நாடுகளும் மறுத்தன. ஃபிஃபா தானே நியமித்த வழக்கறிஞர் மைக்கேல் கார்சியா விசாரித்தபோது, ரஷ்யக் குழு பயன்படுத்திய கணினிகள் வாடகைக்கு எடுத்தவை, திருப்பிக் கொடுத்தபின் அழிக்கப்பட்டுவிட்டன என்று பதில் வந்தது. அவருடைய அறிக்கையை 2014-இல் ஃபிஃபா சுருக்கி வெளியிட்டது. சுருக்கம் தன் முடிவுகளைத் திரித்துவிட்டது என்று சொல்லிக் கார்சியா பதவியை விட்டுப் போனார்.

அமெரிக்கா எப்படி உள்ளே வந்தது?

2015 மே 27 அதிகாலை. சூரிச்சின் போர் ஓ லாக் ஹோட்டலுக்குள் சுவிஸ் போலீஸ் நுழைந்து ஏழு நிர்வாகிகளைக் கைது செய்தது. ஹோட்டல் ஊழியர்கள் வெள்ளைப் படுக்கை விரிப்பைத் தூக்கிப் பிடித்து அவர்களைக் கேமராவிலிருந்து மறைத்தார்கள். கைது செய்யச் சொன்னது அமெரிக்க நீதித் துறை. மொத்தம் 14 பேர்மீது குற்றச்சாட்டு, 24 ஆண்டுகளில் 15 கோடி டாலருக்கும் மேல் லஞ்சம் என்றது.

சுவிட்சர்லாந்தில் இருக்கும் சங்கத்தில் பரகுவே, பிரேசில்காரர்கள் வாங்கிய லஞ்சத்தில் அமெரிக்காவுக்கு என்ன வேலை? விடை எளிது: டாலர். லஞ்சப் பணம் அமெரிக்க வங்கிகள் வழியாகப் போனது, சில பேரங்கள் அமெரிக்க மண்ணில் நடந்தன. மாஃபியா கும்பல்களைப் பிடிக்க 1970-இல் போட்ட சட்டத்தை அவர்கள்மேல் போட்டார்கள். உள்ளிருந்து உதவியவர் சக் பிளேசர் என்ற அமெரிக்க நிர்வாகி. நியூயார்க்கின் டிரம்ப் டவரில் வசித்துக்கொண்டு வரியே கட்டாமல் இருந்தவர். மாட்டிக்கொண்டதும் உளவாளியாக மாறி, 2012 லண்டன் ஒலிம்பிக் சமயத்தில் சாவிக்கொத்தில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துச் சக நிர்வாகிகளைப் பேச வைத்தார். 1998, 2010 உலகக் கோப்பைகளுக்கு இடம் தேர்வு செய்ததில் தானும் மற்றவர்களும் லஞ்சம் வாங்கச் சம்மதித்ததாக நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

இது மட்டும் அரசியல் கலக்காத நீதியா என்று கேட்பது தவறில்லை. கைது நடந்த மறுநாளே ரஷ்ய அதிபர் புதின், அமெரிக்கா தன் சட்டத்தைப் பிற நாடுகள்மேல் திணிக்கிறது என்றார். 2022-ஐ இழந்த நாடு அமெரிக்கா என்பதும் உண்மை. ஆனாலும் 2017-இல் நியூயார்க் நடுவர் குழு ஆதாரங்களைக் கேட்டு, பிரேசிலின் மரினையும் பரகுவேயின் நாபோவையும் குற்றவாளிகள் என்றது, பெருவின் புர்காவை விடுதலை செய்தது. வேறு எந்த நாடும் செய்யாததை அமெரிக்கா செய்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இந்தக் கைதுகள் நடந்த இரண்டே நாளில் பிளாட்டர் மறுபடி தலைவராகத் தேர்வானார், 133-க்கு 73. சில நாளில் விலகுவதாக அறிவித்தார். 2011-இல் பிளாட்டினிக்குக் கொடுத்த 20 லட்சம் பிராங்க் விவகாரத்தில் ஃபிஃபா இருவரையும் தடை செய்தது. சுவிஸ் நீதிமன்றம் 2022-இலும் மேல்முறையீட்டில் 2025-இலும் இருவரையும் விடுவித்தது.

உள்நாட்டு அரசு ஏன் தடுக்கவில்லை என்று கேட்பீர்கள். ஃபிஃபாவின் விதியில் மூன்றாம் தரப்புத் தலையீடு என்று ஒன்று உண்டு. தேசியச் சங்கத்தில் அரசோ நீதிமன்றமோ கை வைத்தால் அந்த நாட்டுக்கே தடை. சர்வாதிகாரியின் மகன் அணியைத் தேர்வு செய்யாமல் தடுக்க இந்த விதி தேவை. ஆனால் பதவியை விடாத ஒருவருக்கும் இதே விதி கேடயம். இந்தியாவில் சங்கத் தலைவரின் பதவிக்காலம் முடிந்தும் தேர்தல் நடக்காததால் 2022 மேயில் உச்ச நீதிமன்றம் நிர்வாகக் குழு அமைத்தது. ஆகஸ்டில் ஃபிஃபா இந்தியாவைத் தடை செய்து, பதினோரு நாளில் நீக்கியது. அந்த நாட்களில் ஆசியப் பெண்கள் கிளப் போட்டிக்காகத் தாஷ்கண்ட் போய் இறங்கியிருந்த கோகுலம் கேரளா அணி ஓர் ஆட்டம்கூட ஆடாமல் திரும்ப வேண்டியதாயிற்று. சங்கத் தேர்தலில் ஓட்டே இல்லாத பெண்கள் அவர்கள். இலங்கையும் 2023 ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை இதே காரணத்துக்காகத் தடையில் இருந்தது.

2016-இல் சீர்திருத்தம் வந்தது. தலைவருக்கு மூன்று தவணை வரம்பு. உலகக் கோப்பை இடத்தை இனி 22 பேர் இல்லை, எல்லாச் சங்கங்களும் சேர்ந்து முடிவு செய்யும் என்பது 2013-இலேயே தீர்மானமாகியிருந்தது. இது உண்மையிலேயே நல்ல மாற்றம். 2026-க்கு அமெரிக்கா, கனடா, மெக்சிகோ கூட்டணி 134-க்கு 65 என்று மொராக்கோவை வென்றது, யார் யாருக்குப் போட்டார்கள் என்பதும் வெளியே தெரிந்தது. அப்புறம் பார்த்தால், 2016-இல் தலைவரான ஜியானி இன்ஃபான்டினோ தேர்தலில் கொடுத்த முக்கிய வாக்குறுதி, ஒவ்வொரு சங்கத்துக்கும் நான்கு ஆண்டில் 50 லட்சம் டாலர். 1974-இல் ஹாவலாஞ்ச் போட்ட அதே பாதை. புதியவர் லஞ்சம் கொடுத்தார் என்று நான் சொல்லவில்லை. நிதியை நம்பி நிற்கும் வாக்காளர் என்ற நிலை அப்படியே இருக்கிறது என்கிறேன். 2025 டிசம்பரில் ஃபிஃபா தானாக உருவாக்கிய அமைதிப் பரிசை, 2026 உலகக் கோப்பையை நடத்தத் தேர்வான நாடுகளில் ஒன்றான அமெரிக்காவின் அதிபர் டிரம்ப்புக்குக் கொடுத்தது.

2034 உலகக் கோப்பைக்கு விண்ணப்பிக்க ஆசியா, ஓசியானியா நாடுகளுக்கு மட்டுமே வாய்ப்பு, விருப்பம் தெரிவிக்கக் கொடுத்தது ஒரு மாதத்துக்கும் குறைவு. 2023 அக்டோபர் முடிந்தபோது களத்தில் சவூதி அரேபியா மட்டும் இருந்தது. 2024 ஏப்ரலில் சவூதி அரசின் எண்ணெய் நிறுவனமான அராம்கோ ஃபிஃபாவின் ஸ்பான்சர் ஆனது. டிசம்பர் 11 அன்று 211 சங்கங்களும் இணையம் வழியாகக் கூடின. ஓட்டெடுப்பு நடக்கவில்லை. சம்மதம் என்றால் கேமரா முன் கைதட்டுங்கள் என்று கேட்டார்கள். 2030-க்கான முடிவும் 2034-க்கான முடிவும் கைதட்டலிலேயே முடிந்தன. தேர்வு நடந்த விதத்தை ஏற்கவில்லை என்று எழுதிக் கொடுத்து, அதைக் கூட்டக் குறிப்பில் சேர்க்கச் சொன்ன நார்வே சங்கம் கைதட்டவில்லை.